தெரிஞ்ச ஆள்தானே!

போன மாதம் எங்கட சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் நிர்வாகக் கூட்டத்தில் ஒரு சண்டை. கொண்டுவந்த வடையும் தேத்தண்ணியும் ஆறிப்போகும் அளவுக்குச் சண்டை. தொடக்கினது நான்தான், ஒத்துக்கொள்கிறேன்.

விசயம் இதுதான். புதிதாக மிருதங்க வகுப்பு ஒன்று தொடங்கப் போகிறோம். வகுப்பெடுக்க ஒருவர் முன்வந்திருக்கிறார். ஊரில் படிப்பித்தவர், நல்ல கை, காசும் வேண்டாம் என்கிறார். லண்டனில் இப்படி ஒரு ஆள் கிடைப்பது லேசான காரியமா? எல்லாருக்கும் சந்தோசம். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"அவற்றை டி.பி.எஸ். எடுத்தாச்சோ?"

அவ்வளவுதான்.

"தம்பி, அவர் ஆரெண்டு தெரிஞ்சுதான் கதைக்கிறீரோ? நாப்பது வருசமாய் எனக்குத் தெரிஞ்ச மனிசன்."

"ஓமண்ணை, உங்களுக்குத் தெரியும். படிவம் நிரப்பினவரோ எண்டுதான் கேட்டனான்."

"அந்தாளைக் கூப்பிட்டு நீ கள்ளனோ எண்டு கேக்கச் சொல்லுறீரோ? எங்கட ஆக்களை நாங்களே பொலிசுக்குக் காட்டுறதோ?"

கடைசியாய்ச் சொன்ன அந்த வசனம் எனக்கும் கொஞ்சம் குத்தினதுதான். அதன் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. கொழும்பில் லொட்ஜில் நின்ற காலத்தில் பொலிஸ் பதிவுத் துண்டை மடித்து மடித்து, பேர்சிலே வைத்துக்கொண்டு திரிந்த சனம் நாங்கள். அந்தத் துண்டு இல்லாமல் தெருவுக்கு இறங்கினால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத்தான் தெரியும். "பொலிஸ் ரிப்போர்ட்" என்ற சொல்லைக் கேட்டவுடன் எங்கட ஆக்களுக்கு வயிறு கலங்குவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அந்தப் பயத்தை இங்கே கொண்டுவந்து, எங்கள் பிள்ளைகளுக்கும் ஒரு அன்னியனுக்கும் இடையில் இருக்கவேண்டிய கதவைத் திறந்துவிடப் பாவிக்கிறோமே, அதில்தான் எனக்குக் கோபம்.

முதலில் இந்த டி.பி.எஸ். என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக. (தெரிந்தவர்கள் இரண்டு பந்தி தாண்டிப் போகலாம்.)

2002 ஓகஸ்டில் சோகம் என்ற ஊரில் ஹொலி, ஜெசிக்கா என்று இரண்டு பத்து வயதுப் பிள்ளைகள் கொல்லப்பட்டார்கள். கேம்பிரிட்ஜ்சயரில் உள்ள ஒரு சின்ன ஊர். கொன்றவன் இயன் ஹன்ட்லி, அந்த ஊர் உயர்தரப் பள்ளிக்கூடத்தின் பராமரிப்பாளன். அவன்மேல் 1995க்கும் 1999க்கும் இடையில் ஹம்பர்சைட் பொலிசிடம் ஒன்றல்ல, பல பாலியல் முறைப்பாடுகள் போயிருக்கின்றன. ஒன்றிலும் தண்டனை இல்லை. வேலைக்கு விண்ணப்பித்தபோது அவன் நிக்சன் என்ற பெயரில் வந்தான். கணினியில் அந்தப் பெயரை மட்டும்தான் தட்டிப் பார்த்தார்கள், ஹன்ட்லி என்ற பெயரைப் பார்க்கவே இல்லை. இதை விசாரித்த பிச்சார்ட் விசாரணையின் அறிக்கை 2004 ஜூனில் வந்தது. அதில் இருந்துதான் 2006 இல் பாதுகாப்புச் சட்டம், தடைப் பட்டியல்கள் எல்லாம் வந்தன. அப்போது சி.ஆர்.பி. என்று இருந்த அலுவலகமும் தடைப் பட்டியலைப் பார்த்த இன்னொரு அமைப்பும் 2012 டிசம்பரில் ஒன்றாகி டி.பி.எஸ். ஆனது. இது இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும். ஸ்கொட்லாந்தில் இருப்பவர்களுக்கு வேறு முறை, வட அயர்லாந்துக்கு இன்னொன்று.

அதில் தரங்கள் உண்டு. அடிப்படைச் சான்றிதழில் இன்னும் காலாவதியாகாத தண்டனைகளும் நிபந்தனைக் கண்டிப்புகளும் மட்டும் வரும். எங்கட கடைக்காரர், பெற்றோல் ஸ்டேசன் முதலாளிமார் கேட்கக்கூடியது பெரும்பாலும் இது மட்டும்தான். (ஒரு முதலாளி தன்னிடம் வேலைக்கு வந்த பெடியனை "பொலிசிட்டைப் போய் உன்ரை முழு ரெக்கோட்டையும் எடுத்துக்கொண்டு வா" என்று அனுப்பினாராம். ஐயா, அப்படிக் கட்டாயப்படுத்துவதே இங்கே குற்றம். 2018 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தெளிவாக இருக்கிறது.) பிள்ளைகளுக்குக் கிழமைக்கு ஒருதரம் தனியாக நின்று படிப்பிக்கிற ஆளுக்கு மேம்பட்ட தரம், தடைப் பட்டியலோடு சேர்த்து. இதில் தண்டனை கிடைக்காத விசயங்களையும் கூட, பொருத்தமானது என்று பொலிஸ் நியாயமாகக் கருதினால் எழுதலாம். ஹன்ட்லிக்குப் பிறகு இந்தப் பகுதிதான் உயிர்.

சரி, இப்ப சண்டைக்கு வருவோம்.

"தெரிஞ்ச ஆள்" என்பது ஒரு தகுதியா? எனக்கு இந்தச் சொல்லைக் கேட்டாலே பத்திக்கொண்டு வருகிறது. பிள்ளைகளுக்குத் தீங்கு செய்கிறவன் முகமூடி போட்டுக்கொண்டு இரவிலே மதில் பாய்ந்து வருகிறவன் இல்லை. பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்த ஆள், பெற்றோருக்குத் தெரிந்த ஆள், கோயிலிலே முன்வரிசையில் நிற்கிற ஆள். தெரிந்த ஆளாக இருப்பதுதான் அவனுக்குத் தொழில் முதல். நீங்கள் "தெரிஞ்ச ஆள்தானே" என்று சொல்லும்போது பிள்ளையைப் பாதுகாக்கவில்லை, அந்த முதலுக்கு வட்டி கட்டுகிறீர்கள்.

இன்னொன்று. எங்கட மாதிரி கிழமையில் ஒருநாள் நடக்கிற பள்ளிக்கூடங்களை ஒஃப்ஸ்டெட் வந்து பார்ப்பதில்லை. கல்வி அமைச்சு 2020 இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது, நல்ல வழிகாட்டி, ஆனால் விரும்பினால் பின்பற்றலாம் என்ற ரகம். ஆக, வாசலில் நின்று கேட்க வேறு ஆளே இல்லை. மண்டபத்தை வாடகைக்குத் தருகிற வெள்ளைக்காரப் பள்ளிக்கூடம் வருசத்தில் ஒருதரம் "உங்கட பாதுகாப்பு ஏற்பாடு என்ன?" என்று கேட்கும். அன்றைக்கு ஓடி ஓடி ஒரு கோப்பு செய்வோம். மற்ற ஐம்பத்தொரு சனிக்கிழமையும் அந்தக் கோப்பு பொருளாளர் வீட்டு அலுமாரிக்குள். பொருளாளர் நான்தான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

"தொண்டருக்கு இலவசம்தானே, ஏன் பின்னடிக்கிறீங்கள்?" என்று கேட்டேன். அங்கேதான் அடுத்த குட்டு வெளிப்பட்டது. டி.பி.எஸ். கணக்கில் தொண்டர் என்றால் போக்குவரத்துச் செலவு, கையால் போட்ட செலவு தவிர ஒரு சதமும் வாங்காதவர். எங்கட ரீச்சர்மார் சிலருக்கு மாத முடிவில் ஒரு என்வலப் கொடுக்கிறோம். இருபது பவுண், முப்பது பவுண். அது சம்பளமில்லை, "ஒரு மரியாதைக்கு" என்று சொல்லிக்கொள்வோம். மரியாதை கொடுத்தால் அவர் தொண்டர் இல்லை, கட்டணம் கட்டவேணும். மேம்பட்ட தரத்துக்கு 2024 டிசம்பரில் 49.50 பவுண் ஆக்கினார்கள். அதோடு வருசத்துக்கு நூறு விண்ணப்பமாவது போடாத எங்களைப் போன்ற சின்ன அமைப்பு நேரே விண்ணப்பிக்க ஏலாது, இடையில் ஒரு முகவர் அமைப்பு ஊடாகத்தான் போகவேணும், அவர்களும் தங்கள் கூலியைப் போடுவார்கள். இதுதான் உண்மையான காரணம். மானம், மரியாதை, பொலிஸ் பயம் எல்லாம் மேலே போட்ட போர்வை. ஆண்டு விழாவுக்கு மேடை அலங்காரத்துக்கு எவ்வளவு செலவழித்தோம் என்று என்னிடம் கணக்கு இருக்கிறது. வாயைத் திறக்கவைக்காதீர்கள் :-)

மறுபக்கமும் சொல்லவேணும். சான்றிதழ் வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிற பேர்வழிகளும் எங்களிடையே உண்டு. அது ஒரு தாள். அச்சடித்த நாளோடு அதன் கதை முடிந்துவிடும். காலாவதித் திகதி என்று ஒன்று அதில் கிடையாது, அதனால் 2011 இல் எடுத்த சி.ஆர்.பி.யை இன்றைக்கும் பிளாஸ்ரிக் உறையிலே போட்டுக் காட்டுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அதைவிட எங்கட சனத்துக்கென்றே இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன.

ஒன்று, பெயர். சோகத்தில் ஒரு பெயரைத் தட்டாமல் விட்டதில் என்ன நடந்தது என்று பார்த்தோம். எங்கட பெயர்களை யோசித்துப் பாருங்கள். அப்பாவின் பெயர் முன்னுக்கோ பின்னுக்கோ, இலங்கைப் பாஸ்போட்டில் ஒரு எழுத்துக்கூட்டு, பிரித்தானியப் பாஸ்போட்டில் இன்னொன்று, வந்தபோது ஏஜென்சிக்காரன் தந்த பெயர் வேறு, வீட்டிலே கூப்பிடுகிற பெயர் வேறு. படிவத்தில் இதுவரை பாவித்த எல்லாப் பெயர்களையும் எழுது என்று கேட்டிருக்கும். "அதெல்லாம் என்னத்துக்கு, பாஸ்போட்டில இருக்கிறதை மட்டும் போடுவம்" என்று எத்தனை பேர் நிரப்பியிருப்போம்?

மற்றது, எங்கிருந்து வந்தவர் என்பது. வெளிநாட்டில் இருக்கிற பதிவுகள் டி.பி.எஸ்.சுக்கு எட்டாது. எங்கட ஆக்களில் எத்தனை குடும்பம் ஹொலண்டில், ஜேர்மனியில், பிரான்சில் பதினைந்து வருசம் இருந்துவிட்டு, பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்கென்று இங்கே வந்தவை! அப்படி மூன்று வருசத்துக்கு முன் வந்த ஒருவருக்கு டி.பி.எஸ். எடுத்தால் அது வெள்ளையாகத்தான் வரும். அவர் நல்லவர் என்பதால் அல்ல, இங்கே அவருக்கு இன்னும் வரலாறே இல்லை என்பதால். ஹொலண்டில் வி.ஓ.ஜி. என்று ஒன்று உண்டு, ஜேர்மனியில் ஃபியூறுங்ஸ்சொய்க்னிஸ், இந்தியாவில் பாஸ்போட் அலுவலகம் தருகிற பி.சி.சி., இலங்கையில் பொலிஸ் தலைமையகச் சான்றிதழ். அந்தந்த நாட்டுச் சான்றிதழை எடுத்துவரச் சொல்லிக் கேட்பதில் என்ன வெட்கம்? விசாவுக்கு என்றால் ஓடிப்போய் எடுக்கிறோமா இல்லையா?

இன்னும் ஒரு கூட்டத்துக்கும் பதில் சொல்லவேண்டி இருக்கிறது. "சின்ன வயசில ஒரு பிழை விட்டவன் வாழ்நாள் முழுக்க ஒதுங்கி நிக்கிறதோ?" என்று ஒரு தங்கச்சி கேட்டா. நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த ஒரு பெடியன், இப்ப இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், அருமையாகக் கிரிக்கெட் பழக்குவான். பதினாறு வயதில் ஒரு கடையில் எதையோ தூக்கிக்கொண்டு ஓடிப் பிடிபட்டு, பொலிஸ் கண்டித்து எழுதி அனுப்பிவிட்டது. அதற்குப் பயந்து இத்தனை வருசமாக ஒரு கழகத்துக்கும் உதவிக்குப் போனதில்லை. அவனுக்கு நான் சொன்னேன்: 2019 இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது, சிறுவயதுக் கண்டிப்புகளை இப்படி வாழ்நாள் முழுக்கத் தானாகவே வெளிப்படுத்துவது அளவுக்கு மீறினது என்று. 2020 நவம்பர் 28 இல் இருந்து விதி மாறிவிட்டது, பதினெட்டு வயதுக்கு முன் வாங்கிய அந்தக் கண்டிப்பு இப்ப தானாகச் சான்றிதழில் ஏறாது. அவன் என்னை நம்பவில்லை. போட்டுப் பார்த்தான். வெள்ளையாக வந்தது. அன்று இரவு எனக்கு போன் எடுத்துக் கன நேரம் ஒன்றும் கதைக்காமல் இருந்தான்.

எல்லாம் நியாயமாக நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. விடுதலை செய்யப்பட்ட ஒரு குற்றச்சாட்டைக்கூடப் பொலிஸ் சான்றிதழில் எழுதி, அந்த மனிதன் உச்ச நீதிமன்றம் வரை போய், 2018 இல் அங்கேயும் தோற்றது நடந்திருக்கிறது. குற்றவாளி இல்லை என்று ஜூரி சொன்ன பிறகும் அந்தத் தாள் அவரைத் துரத்துகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் அது அந்த முறையைத் திருத்துவதற்கான காரணம். எங்கட மிருதங்க வகுப்புக்குப் படிவம் நிரப்பாமல் விடுவதற்கான காரணம் இல்லை.

கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது. வீட்டுக்கு வந்து, தலைவரிடம் பேச்சு வாங்கினாலும் பரவாயில்லை என்று மிருதங்க ஐயாவுக்கே நேரே போன் எடுத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, சுற்றிவளைத்து, "குறை நினைக்காதேங்கோ ஐயா" என்று இழுத்துச் சொன்னேன்.

"அட, அதுக்கென்ன தம்பி? கோயிலில பிள்ளையளுக்குத் தேவாரம் சொல்லிக்குடுக்கேக்கையே எடுத்தனான். அப்டேற் சேர்விசிலயும் போட்டிருக்கு. நம்பரைத் தாறன், நீங்களே ஒன்லைனில பாருங்கோ. உங்கட பள்ளிக்கூடத்தில கேக்கேல்லையே எண்டு நான்தான் யோசிச்சுக்கொண்டிருந்தனான்."

அவமானப்பட்டது அவர் இல்லை. அவருக்காக நாங்கள் அவமானப்பட்டிருக்கிறோம்!

இவ்வளவு கோபமாக எழுதுகிறாயே, உனக்கென்ன வந்தது என்று நீங்கள் கேட்கலாம். வந்தது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவே. இவ்வளவு நேரமும் சுற்றிக்கொண்டிருந்தேன்.

2017. இப்போதைய பள்ளிக்கூடம் இல்லை, அதற்கு முன் வேறு ஒரு இடத்தில் நிர்வாகத்தில் இருந்தேன். அங்கே ஒருவர் வகுப்பெடுத்தார். பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒன்றை வகுப்பு முடிய அடிக்கடி தன் காரில் கொண்டுபோய் விடுவார். பிறகு அந்தப் பிள்ளைக்கு போனில் செய்தி அனுப்பத் தொடங்கினார். என்ன செய்தி என்று இங்கே எழுதமாட்டேன். தாய் போனைப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்தா. அழவில்லை, கத்தவில்லை, போனை மேசையில் வைத்துவிட்டு இருந்தா.

நாங்கள் என்ன செய்தோம்? கூடிக் கதைத்தோம். "அவருக்கும் குடும்பம் இருக்கு." "பிள்ளைக்கும் நாளைக்குக் கலியாணம் காட்சி எண்டு வரும், பேர் கெட்டுப்போகும்." "வெளியில தெரிஞ்சா பள்ளிக்கூடத்தை மூடவேண்டி வரும்." ஒரு மணித்தியாலத்தில் முடிவு. அவரைக் கூப்பிட்டு, இனி வரவேண்டாம் என்று பதமாகச் சொல்லியாச்சு. அவரும் வேலைப்பளு என்று ஒரு கடிதம் தந்தார். அந்த வருச மலரில் அவருக்கு நன்றியும் போட்டோம். ஓம், நன்றி. அச்சுக்குக் கொடுக்க முதல் பிழை பார்த்தவன் நான்.

சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? பிள்ளைகளோடு தனியாக நின்று படிப்பிக்கிற பொறுப்பில் இருந்து ஒருவரை, தீங்கு செய்தார் அல்லது செய்யக்கூடும் என்று நினைத்து நீக்கினால், அதை டி.பி.எஸ்.சுக்கு அறிவிக்கவேண்டியது கடமை. அவராக விலகிப்போனாலும் அதே கடமை. அறிவிக்காமல் விடுவதே குற்றம். அப்படி யாரோ அறிவித்தால் தடைப் பட்டியலில் ஒரு பெயர் ஏறலாம். பெயர் ஏறினால்தான் அடுத்த பள்ளிக்கூடம் படிவம் போடும்போது சிவப்பு விளக்கு எரியும். நாங்கள் பதமாக அனுப்பிவிட்ட ஒவ்வொருவரும் வெள்ளைச் சான்றிதழோடுதான் அடுத்த வாசலுக்குப் போகிறார்கள். அந்த வெள்ளையைப் பூசிக் கொடுத்தது நாங்கள்.

எனக்கு அன்றைக்கு இந்தச் சட்டம் தெரியாது என்பது உண்மை. தேடிப் பார்க்கவும் இல்லை என்பது அதைவிடப் பெரிய உண்மை.

இரண்டு கிழமைக்கு முன், ஒரு கலை விழா அழைப்பிதழ் வட்சப்பில் வந்தது. லண்டனின் இன்னொரு பக்கத்தில் உள்ள ஒரு வகுப்பு. நெறியாள்கை என்று போட்டு அவருடைய பெயர். படத்தில் சுற்றவர சின்னப் பெட்டையள், பட்டுப்பாவாடையோடு.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு போன் எடுத்தேன். பொறுப்பாளர் மிகவும் பண்பான மனிதர். நான் சொல்லத் தொடங்க முதலே, "ஓம், ஓம், எங்களுக்குக் கனகாலமாய்த் தெரிஞ்ச ஆள் தம்பி. டி.பி.எஸ்.சும் இருக்கு, கிளியராய் வந்தது" என்றார். முழுக்கச் சொல்லி முடித்தபோது மற்றப் பக்கத்தில் சத்தமில்லை. பிறகு, "இதை இப்ப கிளறவேணுமோ?" என்று கேட்டார்.

ஒவ்வொரு உள்ளூராட்சி சபையிலும் இப்படியான முறைப்பாடுகளைப் பார்க்கவென்றே ஒரு அதிகாரி இருக்கிறார், லாடோ என்று சொல்வார்கள். அந்தப் பகுதிச் சபையின் இணையத்தளத்தில் தேடி, அன்று இரவே எழுதினேன். 2017 இல் நிர்வாகத்தில் இருந்த மற்ற நாலு பேருக்கும் பிரதி போட்டேன். இரண்டு பேர் இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை. ஒருவர், "நான் அண்டைக்குக் கூட்டத்துக்கு வரேல்லை" என்று மட்டும் பதில் போட்டார். வந்திருந்தார்.

அந்தத் தாய்க்கும் போன் எடுத்தேன். அவவிடம் கேட்காமல் அவவின் பிள்ளையைப் பற்றி ஒரு வரி எழுதுவதும் பிழை என்று பட்டது. பிள்ளை இப்ப பல்கலைக்கழகம் முடித்துவிட்டாளாம். "அவளிட்டைக் கேட்டிட்டுச் சொல்லுறன்" என்றா. அரை மணித்தியாலத்தில் பிள்ளையே எடுத்தாள். "அங்கிள், நான் கதைக்கிறன். என்ரை நம்பரைக் குடுங்கோ" என்றாள்.

அடுத்த நாள் காலை சபையில் இருந்து ஒரு பெண் எடுத்தா. பெயர், திகதி, இடம் எல்லாம் நிதானமாகக் கேட்டு எழுதினா. கடைசியாக ஒரு கேள்வி. குரலில் கோபம் இல்லை, படிவத்தில் அந்தக் கட்டமும் இருந்ததால் கேட்டா போல.

"இதை 2017 இல் யாருக்காவது அறிவித்தீர்களா?"

இல்லை என்றேன். எழுதிக்கொண்டா.